சாக்கடை மேப்: கராச்சி ஓரங்கியின் கதை

இந்த எபிசோடு முழுக்க சாக்கடையைப் பற்றியது. சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க, எபிசோடு எங்கேயும் போயிடாது.

நகரங்களைப் பற்றி பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். இத்தனை என்.ஜி.ஓ இருக்கே, அவங்களால ஒரு ஊர் நிஜமாவே மாறியிருக்கா? நியாயமான கேள்விதான். என்.ஜி.ஓ என்றதும் நம் கண் முன்னால் வருவது ஒரு பேனர், ஒரு மரக்கன்று, அதைச் சுற்றி ஒரே கலர் டி-ஷர்ட்டில் பத்து பேர், ஒரு போட்டோ. அடுத்த கோடையில் அந்த மரக்கன்று இருக்காது.

எனக்குத் தெரிந்த நல்ல பதில் கராச்சியில் இருக்கிறது. 1980-ல் அங்கே ஓரங்கி என்ற பகுதியில் ஓரங்கி பைலட் புராஜெக்ட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஓபிபி. சந்துகளில் பைப் போட அந்த அமைப்பு மக்களுக்கு ஒரு ரூபாய்கூட மானியம் கொடுக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட 1 லட்சம் வீடுகளுக்கு கழிவறையும் பாதாள சாக்கடையும் வந்தன. அந்த அமைப்பை நடத்திய ஒரு பெண்ணை 2013-ல் சுட்டுக் கொன்றார்கள். சாக்கடைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? அதுக்குத்தான் இந்த எபிசோடு.

முதலில் இடம். ஓரங்கி கராச்சியின் வடமேற்கு ஓரத்தில், வறண்ட குன்றுகளை ஒட்டி இருக்கிறது. 1965-ல் அரசு அங்கே ஒரு சின்ன டவுன்ஷிப்புக்கு மனை பிரித்தது. 1971 போருக்குப் பிறகு கிழக்கு பாகிஸ்தான் பங்களாதேஷ் ஆனது. அங்கிருந்து உருது பேசும் பிஹாரிகள் பெரிய எண்ணிக்கையில் கராச்சிக்கு வந்தார்கள். பக்தூன்கள், பஞ்சாபிகள், சிந்திகள், பலூச்சிகள் வேலை தேடி வந்தார்கள். அரசு பிரித்த மனையைவிடப் பல மடங்கு நிலத்தில் ஊர் பரவியது. எண்பதுகளின் முடிவில் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர்.

இவ்வளவு பேருக்கு யார் மனை கொடுத்தது? தரகர்கள். அங்கே தலால் என்பார்கள். அரசு புறம்போக்கில் கயிறு கட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து, போலீஸுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஏழைகளுக்கு விற்றார்கள். நம்ம ஊரில் ஏரிப் புறம்போக்கு மனையான கதை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு, அது இந்தக் கதைக்கு முக்கியம். தலால்கள் தெருக்களை ஓரளவு நேராகவே பிரித்திருந்தார்கள். ஒரு சந்துக்கு 20 முதல் 30 வீடு. சந்தின் முனையில் சிமென்ட் பிளாக் வார்க்கிற பட்டறை. மனை வாங்கியவருக்குக் கல்லும் கடன், சில சமயம் கூரைத் தகடும் கடன். வீடு வந்துவிட்டது. வராதது சாக்கடை.

பெரும்பாலான வீடுகளில் வாளிக் கழிவறை, இல்லையென்றால் உறிஞ்சு குழி. குழி சில வருஷத்தில் நிரம்பிவிடும். தண்ணீர் சந்தில் ஓடும், குழந்தைகள் அதில் விளையாடும். டைபாய்டு, மலேரியா, வயிற்றுப்போக்கு எல்லாம் வருஷம் முழுக்க. சுவர்கள் ஈரம் ஏறி அரிக்கும். கடன் வாங்கிக் கட்டிய வீட்டை வீட்டுக்காரரின் கழிவுநீரே தின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்துக்கு 1980-ல் ஒரு பெரியவர் வந்தார். அக்தர் ஹமீத் கான். அப்போது அவருக்கு வயது 66. 1914-ல் ஆக்ராவில் பிறந்தவர். ஐ.சி.எஸ் அதிகாரியாக வங்காளத்தில் வேலை பார்த்தவர். 1943 வங்காளப் பஞ்சத்தில் அரசாங்கம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துவிட்டு அந்த வேலையை விட்டார். ஐ.சி.எஸ் வேலையை விட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அலிகார் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலி வேலையும் பூட்டு செய்கிற வேலையும் கற்றுக்கொண்டு இரண்டு வருஷம் வாழ்ந்தார். பிறகு கிழக்கு பாகிஸ்தான் போய், 1959-ல் கொமில்லாவில் ஊரக வளர்ச்சி அகாதமியை உருவாக்கினார். விவசாயிகள் கூட்டுறவுக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொன்ன இடம் அது. 1963-ல் மகசேசே விருது வாங்கினார். 1971-க்குப் பிறகு கொமில்லா இருப்பது வேறு நாடு. அவர் கட்டியது எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஓரங்கிக்கு அவரைக் கூப்பிட்டது பி.சி.சி.ஐ. கிரிக்கெட் வாரியம் இல்லீங்க. ஆகா ஹசன் அபேதி தொடங்கிய பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல். கறுப்புப் பண மோசடிக்காக 1991-ல் பல நாடுகள் சேர்ந்து இழுத்து மூடின அதே வங்கி. உலகத்திலேயே சிக்கனமாக நடந்த ஒரு தொண்டு அமைப்புக்கு ஆரம்பப் பணம் அங்கிருந்து வந்தது. வரலாறு இப்படித்தான் சில சமயம் நக்கலடிக்கும்.

கான் முதல் சில மாதங்கள் எதையும் ஆரம்பிக்கவில்லை. சந்து சந்தாக நடந்தார், கேட்டார். உங்களுக்கு என்ன கஷ்டம்? எல்லாரும் சாக்கடை என்றார்கள். நீங்களே ஏன் போட்டுக்கொள்ளவில்லை? அதற்கு வந்த பதிலில்தான் விஷயம் இருந்தது. வீட்டுக்குள் இருப்பது எங்களுடையது, சந்து அரசாங்கத்துடையது, அவர்கள்தான் இலவசமாகப் போட்டுத் தர வேண்டும் என்று மக்கள் நம்பினார்கள். நம்புவதில் தப்பில்லை, அது அரசின் கடமைதான். ஆனால் அந்த அரசு எப்போது வரும்? வந்தாலும் மேம்பாட்டுக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்கும், கான்ட்ராக்டர் விலையில். அந்த விலை இந்த மக்களால் நினைத்துப் பார்க்க முடியாதது.

ஆக முதல் தடை மனசில். அடுத்தது காசு. அதற்கடுத்தது, பக்கத்து வீட்டுக்காரரை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்ற தயக்கம். கடைசியில், பைப் எப்படிப் பதிப்பது என்று யாருக்கும் தெரியாது. கான் இந்த நான்கையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார். என்.ஜி.ஓ வழக்கப்படி வெளிநாட்டுப் பணம் கொண்டு வந்து காசுத் தடையை மட்டும் நீக்கியிருந்தால், மிச்ச மூன்றும் அப்படியே இருந்திருக்கும். பணம் தீர்ந்த அன்று வேலையும் நின்றிருக்கும்.

அவர் எடுத்த முக்கியமான முடிவு, அளவு. பத்து லட்சம் பேருக்கு ஒரு திட்டம் என்று போகவில்லை. ஒரு சந்து, 20, 30 வீடு. இந்த அளவுக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதும் தெரியும். கூட்டம் போட அரசியல்வாதி வேண்டாம், மேடை வேண்டாம், நாலு கட்டில் போதும். சந்துக்காரர்கள் தங்களில் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து ஓபிபிக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஓபிபி ஆட்கள் வந்து அளந்து, மட்டம் பார்த்து, வரைபடமும் எஸ்டிமேட்டும் தருவார்கள். பணத்தை வசூலிப்பது, சாமான் வாங்குவது, ஆள் வைப்பது எல்லாம் பொறுப்பாளர். அந்தப் பணம் ஓபிபி கைக்கு வரவே வராது. கருவிகள் மட்டும் இரவல்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பணத்தைத் தொடாத விதிதான். பணம் ஓபிபி கைக்கு வந்த அடுத்த நிமிஷம் அது இன்னொரு கான்ட்ராக்டர் ஆகியிருக்கும். பைப் உடைந்தால் ஜனம் ஓபிபி ஆபீஸ் வாசலில் நின்றிருக்கும். காசு போட்டது நாம், தோண்டியதும் நாம் என்றால், அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்கப் போவதும் நாம்.

முதல் சந்துகள் 1981-ல் வந்தன. எல்லாம் நாலாவை ஒட்டிய சந்துகள். நாலா என்றால் நம்ம ஊரில் ஓடை, கால்வாய் என்கிறோமே, அது. மழைநீர் ஓடுகிற இயற்கையான பள்ளம். பக்கத்தில் நாலா இருந்தால் சந்தின் பைப்பை நேராக அதில் விட்டுவிடலாம். தள்ளி இருக்கிற சந்துக்காரர்கள் இதைப் பார்த்தார்கள், நாலு சந்து சேர்ந்து ஒரு பெரிய பைப்பைப் போட்டுக்கொண்டார்கள். மேலிருந்து யாரும் நெட்வொர்க் டிசைன் பண்ணவில்லை, கீழிருந்து அதுவாக வளர்ந்தது.

வேலை ஆரம்பத்தில் அவ்வளவு நன்றாக இல்லை. சிமென்ட் கலவை சரியில்லை. போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஆற வைக்கவில்லை. வாட்டம் சரியாக இல்லாததால் தண்ணீர் தேங்கியது. கட்டிடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் அப்போது ஓபிபிக்கு ஆலோசகராக வந்திருந்தார். ஆய்வும் பயிற்சியும் பக்கத்துப் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பது அவர்கள் வழியாக ஆனது. எங்கே தப்பாகிறது என்று பார்ப்பது, டிசைனை மாற்றுவது, மாற்றியதை மறுபடி சந்துக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது.

விலை எப்படி இறங்கியது என்பதையும் சொல்லியாகணும். அதுதான் இந்தக் கதையின் இன்ஜினியரிங் பகுதி. கான்ட்ராக்டரின் லாபமும் அவர் கொடுக்க வேண்டிய கமிஷனும் போனது, சரி. அதற்கு மேலும் இருக்கிறது. நகராட்சி விதிப்படி பைப்பை ஆழமாகப் பதிக்க வேண்டும், மேலே லாரி போகும் என்ற கணக்கு. இந்தச் சந்துகளில் லாரி நுழையவே முடியாது, அப்புறம் எதற்கு அவ்வளவு ஆழம்? மேன்ஹோல் கட்ட இரும்பு அச்சு செய்து வாடகையில்லாமல் கொடுத்தார்கள். அச்சை வைத்து கான்கிரீட் ஊற்றினால் மேன்ஹோல் ரெடி. ஒவ்வொரு வீட்டுக் கழிவறைக்கும் சந்து பைப்புக்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்தார்கள். கெட்டியானது அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் பைப்புக்குப் போகும். அதனால் பைப் அடைப்பது குறையும், பைப்புக்கு அவ்வளவு வாட்டமும் தேவைப்படாது. கடைசியில் வீட்டுக் கழிவறை, தொட்டி, சந்து பைப்பில் அந்த வீட்டின் பங்கு எல்லாம் சேர்த்து 100 டாலருக்கும் கீழே வந்தது. அரசு கணக்கில் இதைவிடப் பல மடங்கு. எங்க ஃபீல்டில் இதை ஓவர்-இன்ஜினியரிங்கை வெட்டி எடுப்பது என்போம். ஸ்டாண்டர்ட் என்று எழுதி வைத்திருப்பது யாருடைய தெருவை மனசில் வைத்து எழுதியது என்று கேட்பது.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீங்க. ஆரம்பத்தில் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பும் இதில் கூட்டாளி. அவர்களுடைய நிபுணர்கள் முதலில் முழு சர்வே, முழுத் திட்டம், இலக்கு, காலக்கெடு என்று கேட்டார்கள். சந்துக்காரர்கள் விண்ணப்பம் கொடுக்கும்போதுதான் வேலை என்ற கானின் முறை அவர்களுக்குத் திட்டமாகவே தெரியவில்லை. ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். ஐ.நா. தனியாக ஒரு பகுதியை எடுத்து வேலை செய்தது. சில வருஷம் கழித்து அவர்கள் பக்கம் சில டஜன் சந்துகள், ஓபிபி பக்கம் ஆயிரக்கணக்கில்.

உள்ளூரிலும் பிரச்சினை இருந்தது. கான் சொன்னது, எழுதியது என்று எதையெதையோ எடுத்து அவர் மேல் மத நிந்தனை வழக்குகள் போட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் கோர்ட்டுக்கு அலைந்தார். அந்த நாட்டில் அந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன தண்டனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அனுபவத்திலிருந்து ஓபிபி ஒரு கோட்பாட்டைச் சொன்னது. சாக்கடையை இரண்டாகப் பிரி. உள்ளே, வெளியே. வீட்டுக் கழிவறை, சந்து பைப், சந்துகளைச் சேர்க்கிற பைப் எல்லாம் உள்ளே. அதை மக்கள் தங்கள் காசில் போடலாம். பெரிய டிரங்க் லைன், சுத்திகரிப்பு நிலையம் வெளியே. அது அரசின் வேலை, மக்களால் முடியாது, மக்கள் செய்யவும் கூடாது. சாஃப்ட்வேரில் இரண்டு டீம் ஒரு இன்டர்ஃபேஸை ஒத்துக்கொண்டு அவரவர் பக்கத்தை எழுதுவது மாதிரிதான். இந்த எல்லைக்கோடு 2006-ல் பாகிஸ்தானின் தேசியத் துப்புரவுக் கொள்கைக்குள்ளேயே போனது.

ஆனால் ஒத்துக்கொண்ட இன்டர்ஃபேஸில் ஒரு டீம் மட்டும் வேலை செய்தால் என்ன ஆகும்? அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்தான் அடுத்த ஆள்.

பர்வீன் ரஹ்மான். 1957-ல் டாக்காவில் பிறந்தவர். 1971-க்குப் பிறகு குடும்பம் வீட்டை விட்டுவிட்டுக் கராச்சி வந்தது. ஓரங்கியின் பிஹாரிகளுக்கு நடந்ததுதான் அவர் வீட்டிலும் நடந்தது. தாவூத் கல்லூரியில் கட்டிடக்கலை படித்து 1982-ல் பட்டம். கொஞ்ச காலம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை, பிடிக்கவில்லை. ஓரங்கிக்கு வந்துவிட்டார். பிறகு முப்பது வருஷம் அங்கேதான். 1988 வாக்கில் ஓபிபி தனித்தனி அமைப்புகளாகப் பிரிந்தபோது ஆய்வு, பயிற்சி நிறுவனம் அவர் பொறுப்புக்கு வந்தது.

அவர் வேலையின் மையம் மேப். முதலில் கல்லூரி மாணவர்களைக் கூட்டிவந்து ஓரங்கியை அளந்தார்கள். பிறகு ஓரங்கியின் பையன்களுக்கே சர்வே கற்றுக்கொடுத்தார்கள். எந்தச் சந்தில் பைப் இருக்கிறது, எந்தப் பக்கம் வாட்டம், எந்த நாலாவில் விழுகிறது என்று எல்லாவற்றையும் தாளில் வரைந்தார்கள். ஓரங்கி முடிந்து கராச்சியின் மற்ற கச்சி ஆபாதிகளுக்குப் போனார்கள். அனுமதி இல்லாமல் உருவான குடியிருப்புகளுக்கு அங்கே அதுதான் பெயர். நூற்றுக்கணக்கான குடியிருப்புகளை அளந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஓபிபி போகாத இடங்களிலும் மக்கள் ஏற்கனவே பைப் போட்டிருந்தார்கள். தப்பும் தவறுமாக, ஆனால் போட்டிருந்தார்கள். அவை நாலாக்களில் விழுந்துகொண்டிருந்தன. அரசின் மேப்பில் இந்த லைன் எதுவுமே இல்லை. அரசைப் பொறுத்தவரை அங்கே சாக்கடையே கிடையாது.

இந்த வெள்ளைத் தாளுக்கு ஒரு விலை உண்டு. எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் புதிதாகப் போடத் திட்டம் போடலாம். திட்டம் பெரிதாகும், வெளிநாட்டுக் கடன் பெரிதாகும், கமிஷனும் கூடவே பெரிதாகும். தொண்ணூறுகளில் கோரங்கி பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அப்படி ஒரு கழிவுநீர்த் திட்டம் வந்தது. ஓபிபியும் உள்ளூர் அமைப்புகளும் தங்கள் மேப்பை எடுத்து விரித்தார்கள். பைப் எல்லாம் ஏற்கனவே இங்கே இருக்கு, தண்ணீர் இந்த நாலாக்களுக்குத்தான் போகுது, அங்கே பெட்டிக் கால்வாய் கட்டி முனையில் சுத்திகரித்தால் போதும் என்றார்கள். 1999-ல் அரசு அந்தக் கடனே வேண்டாம் என்றது. ஒரு என்.ஜி.ஓ பணம் கொண்டு வந்ததாகக் கேள்விப்பட்டிருப்போம். வந்த கடனை வேண்டாம் என்று சொல்ல வைத்ததைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அதே 1999 அக்டோபரில் அக்தர் ஹமீத் கான் இறந்தார்.

அதற்குப் பிறகு மேப் சாக்கடையைத் தாண்டிப் போனது. கராச்சியின் ஓரங்களில் கோத் என்கிற பழைய கிராமங்கள் உண்டு. சிந்திகளும் பலூச்சிகளும் தலைமுறைகளாக இருக்கிற இடம், கையில் பட்டா கிடையாது. நகரம் பெருகப் பெருக இந்த நிலத்தின் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. கோத்தைக் காலி பண்ணு, மனை பிரி, விற்று விடு. இதற்குப் பின்னால் அரசியல் கட்சிகளின் ஆட்களும் ஆயுதம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். பர்வீனும் அவருடைய ஆட்களும் ஆயிரத்துக்கும் அதிகமான கோத்களை ஒவ்வொன்றாக ஆவணப்படுத்தினார்கள். இங்கே இத்தனை வீடு, இவ்வளவு காலமாக, எல்லை இது. அந்தக் காகிதத்தைக் காட்டி மக்கள் அரசிடம் உரிமை கேட்கலாம். பல கோத்களுக்கு அது கிடைத்தது.

பிறகு தண்ணீர். கராச்சியில் குழாயில் தண்ணீர் வராது, லாரியில் வரும். சென்னையில் வளர்ந்தவங்களுக்கு இந்த வாக்கியம் புதுசில்லை. அந்த லாரிகள் எங்கே நிரம்புகின்றன? நகரத்துக்கு வருகிற பெரிய குழாய்களில் திருட்டுத்தனமாக இணைப்பு எடுத்து நடத்துகிற ஹைட்ரன்ட்களில். அவை எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை லாரி நிரப்புகின்றன என்று கணக்கெடுத்து அதையும் மேப்பில் போட்டார்கள்.

முதல் மேப்பைப் பார்த்து யாருக்கும் கோபம் வரவில்லை, அது ஏழைகளின் சந்து. இரண்டாவது மேப் சில கான்ட்ராக்டர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவதும் நான்காவதும் கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரத்தின் மேல் விளக்கு அடித்தன. வேலை செய்கிறவர்கள் அதே ஆட்கள்தான், அதே டேப்பும் அதே டிராயிங் போர்டும்தான். மிரட்டல்கள் வந்தன. பர்வீன் நிறுத்தவில்லை.

2013 மார்ச் 13 மாலை. ஓரங்கி ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். மங்கோபீர் சாலையில், போலீஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். அவருக்கு வயது 56.

அடுத்த நாளே போலீஸ் ஒருவரை என்கவுன்டரில் சுட்டது. தாலிபான் ஆள், இவர்தான் கொலையாளி, கேஸ் முடிந்தது என்றது. 24 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பர்வீனின் அக்கா அகீலா இஸ்மாயிலும் ஓபிபி நண்பர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதி விசாரணை நடந்தது. போலீஸ் விசாரணையே திசை திருப்பப்பட்டது என்று அது சொன்னது. மறுபடி விசாரணை, மறுபடி கைதுகள். 2021 டிசம்பரில் கராச்சி பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2022 நவம்பரில் சிந்து உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சட்டத்தின் கண்ணில், பர்வீன் ரஹ்மானை யார் கொன்றார்கள் என்பதற்கு அங்கேயும் பதில் இல்லை.

இப்போ ஒரு விமர்சனத்துக்கு வரணும். இது நியாயமானது, தட்டிக் கழிக்க முடியாது. ஏழைகளே காசு போட்டு சாக்கடை கட்டிக்கொண்டார்கள் என்று இந்தக் கதையை உலகம் முழுக்கப் பாராட்டியவர்களில் உலக வங்கியும் உண்டு. ஏன் பிடிக்காது? அரசு செலவே இல்லையே! பணக்காரர்கள் வசிக்கும் டிஃபென்ஸ், கிளிஃப்டன் பகுதிகளில் யாராவது தெருவுக்குக் காசு வசூலித்துப் பைப் பதித்தார்களா? வரி கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டியதை ஏழைகள் மட்டும் கைக்காசில் வாங்க வேண்டும் என்றால் அது சுயஉதவியா, இரட்டை வரியா?

என் கருத்து, இந்த விமர்சனம் பாதி சரி. பாராட்டியவர்கள் "உள்ளே" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓபிபி அப்படிச் சொல்லவே இல்லை. உள்ளே மக்கள் செய்துவிட்டார்கள், இதோ ஆதாரம், இப்போ வெளியே உன் முறை என்று அரசைப் பார்த்துக் கேட்கத்தான் அவ்வளவு மேப். சும்மா கோரிக்கை மனு கொடுப்பதற்கும், தன் பங்கை முடித்துவிட்டுக் கணக்கோடு வந்து நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கு. நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன்களில் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். கார்ப்பரேஷன் ஆபீஸில் சத்தம் போடுகிறவரைவிட ஃபைலோடு போகிறவருக்குத்தான் அதிகாரி நாற்காலி போடுவார்.

ஆனாலும் அரசின் பாதி முழுசாக வரவில்லை என்பதை மறைக்க முடியாது. சில நாலாக்களில் பெட்டிக் கால்வாய் கட்டினார்கள், ஓபிபியின் மேப்பைப் பயன்படுத்தியும் கட்டினார்கள். சுத்திகரிப்பு மட்டும் தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி இன்றும் அப்படியே அரபிக் கடலில்தான் விழுகிறது. ஓரங்கியின் சந்துகள் சுத்தமாகின, குழந்தைகள் சாவது குறைந்தது, வீட்டுச் சுவர்கள் தப்பின. ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் சுத்தமாகவில்லை. நீடித்த வளர்ச்சி என்ற வார்த்தையைப் போட்டு ஓரங்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

2020 ஆகஸ்டில் கராச்சியில் வரலாறு காணாத மழை. நாலாக்கள் வழிந்து நகரம் மூழ்கியது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி குஜ்ஜர் நாலா, ஓரங்கி நாலா கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். ஆக்கிரமிப்பு என்றார்கள். இடிக்கப்பட்ட வீடுகள் சிலவற்றுக்கு அரசே கொடுத்த 99 வருஷக் குத்தகைப் பத்திரம் இருந்தது. அந்தப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மக்கள் புல்டோசருக்கு முன்னால் நின்றார்கள்.

ஓபிபி ஆய்வு நிறுவனம் பர்வீனின் மரணத்துக்குப் பிறகும் மூடவில்லை. ஆட்கள் குறைந்தார்கள், சிலர் பாதுகாப்புக்காக வேறு இடம் போனார்கள். மேப் போடும் வேலை நடந்தது. பர்வீனைப் பற்றி 2021-ல் 'இன்டு டஸ்ட்' என்று ஒரு படம் வந்தது, ஆர்லாண்டோ வான் ஐன்சீடல் இயக்கியது. தேடிப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.